மருமகனுக்கென்று வேறு சட்டி வேண்டாம்

கேள்வி:

மட்டக்களப்புப் பக்கம் கல்லாற்றில் இருந்து எழுதுகிறேன். வயது 38, ஆசிரியை. என் கணவருக்கு 44. போன மாதம் அவருக்குச் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். வெறுவயிற்றில் 148. கிளினிக்கில் மெட்ஃபோர்மின் குளிசை தந்து, "சாப்பாட்டில் கவனம்" என்று அனுப்பினார்கள். என்ன கவனம் என்று விளக்கமாகக் கேட்க அங்கே நேரம் இல்லை. எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்குப் பிரஷர். மகளுக்கு 14 வயது, மெலிவு, எந்நேரமும் களைப்பு என்கிறாள். மகனுக்கு 9 வயது, அவனுக்கு நூடில்ஸும் ரோல்ஸும்தான் வேண்டும், உடம்பும் வைத்துக்கொண்டு போகிறது. ஓட்ஸ், குரக்கன் மா, ஒலிவ் எண்ணெய் எல்லாம் வாங்கி, கணவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கத் தொடங்கினேன். இரண்டு கிழமை தாங்கவில்லை. அவர், "இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று எழும்பிப் போகிறார். வீட்டுச் சமையல் அம்மாவின் பொறுப்பு. அவரிடம் சோற்றைக் குறைக்கச் சொன்னால், "மருமகனுக்குச் சோறு அளந்து போட என்னால் ஏலாது" என்கிறார். சம்பளத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. எங்கே இருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கணவருக்கென்று தனியாகச் சமைப்பதை நிறுத்திவிடுங்கள். அதுதான் உங்களைக் களைக்க வைத்தது, அவரையும் சாப்பாட்டில் இருந்து எழுப்பியது. ஒரு வீட்டில் நாலு பேர் மீன்குழம்பு சாப்பிட, ஒருவருக்கு மட்டும் கரைத்த ஓட்ஸ் வைத்தால் எந்த மனிதருக்கும் மனம் கசக்கும். வருத்தம் வந்ததைவிட, வீட்டுப் பந்தியில் இருந்து தள்ளி வைக்கப்பட்டது அவருக்குப் பெரிதாக வலிக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் ஒரு வீட்டுக்குள் நாலு பிரச்சினை மாதிரித் தெரியும். கணவரின் சீனி, அம்மாவின் பிரஷர், மகனின் எடை, மகளின் களைப்பு. இந்த நாலுக்கும் வேண்டிய சமையல் ஒன்றுதான். சோறு, மா வகை அளவோடு. மரக்கறியும் இலையும் தாராளம். மூன்று நேரமும் மீனோ முட்டையோ பருப்போ கடலையோ ஏதாவது ஒன்று. சீனி, உப்பு, எண்ணெய் குறைவு. ஆளுக்கு ஆள் அளவுதான் மாறும், சட்டி மாறத் தேவையில்லை. வளர்கிற வயதில் மெலிந்திருக்கும் மகளுக்கு ஒரு அகப்பை சோறும் ஒரு முட்டையும் கூட. கணவருக்குச் சோறு குறைய, கறி கூட. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கி வைத்த ஓட்ஸ் பெட்டியை வீசாதீர்கள், யாராவது குடித்து முடிக்கட்டும். திரும்ப வாங்க வேண்டாம். ஓட்ஸ் கெட்ட சாப்பாடு இல்லை, ஆனால் அதில் இருக்கும் நார்ச்சத்தை நம்முடைய பயறும் கௌப்பியும் கீரையும் குறைந்த காசில் தருகின்றன. ஒலிவ் எண்ணெயில் கடுகு தாளித்து என்ன காணப்போகிறீர்கள்? அந்தக் காசுக்கு ஒரு மாதத்து முட்டையில் பாதி வாங்கலாம். குரக்கன் நல்லது, அதில் கல்சியம் நிறைய. ஆனால் "குரக்கன் என்றால் சீனிக்காரர் வயிறு நிறையச் சாப்பிடலாம்" என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் இருக்கிறது. குரக்கனும் மாச்சத்துத்தான். அரிசிப் புட்டுக்குப் பதிலாக அதே அளவு குரக்கன் புட்டுச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும்.

இப்போது பீங்கானைப் பார்ப்போம். நம்மூர் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சோற்று மலை, ஓரத்தில் இரண்டு துண்டு மீன், ஒரு கரண்டி பருப்பு, விரல் நுனியில் எடுத்து வைத்த மாதிரி ஒரு இலைச் சுண்டல். சாமான் விலை ஏறிய பிறகு அந்த மலை இன்னும் வளர்ந்தது, ஓரத்தில் இருந்தவை இன்னும் சுருங்கின. வயிறு நிரம்ப வேண்டுமென்றால் சோறுதான் மலிவு என்று எல்லாரும் சோற்றின் பக்கம் சாய்ந்தோம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சீனி வருத்தத்தின் கணக்கு அந்த மலைக்குள்தான் இருக்கிறது. தேத்தண்ணி குடிக்கிற சாதாரணக் கப்பால் அள்ளித் தட்டையாக விட்ட ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து இருக்கும். கணவர் சாப்பிடுகிற சோற்றை ஒரு நாள், அவருக்குச் சொல்லாமல், அந்தக் கப்பால் அளந்து பாருங்கள். மூன்று, நாலு கப் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கிளினிக்கில் நான் சந்திக்கிற ஆண்களில் கனபேருக்கு அப்படித்தான் வருகிறது.

அவருக்கு நேரத்துக்கு ஒன்றரைக் கப் வரை போதும். உடனே அதற்கு இறங்க வேண்டாம். இந்தக் கிழமை அரைக் கப் குறையுங்கள், அது பழகிய பிறகு இன்னும் அரை. குறைத்த இடத்தை வெறுமையாக விட்டால் திட்டம் தோற்றுவிடும், இரவு பத்து மணிக்கு பிஸ்கற் பக்கெற்றைத் தேடுவார். பீங்கானில் அரைவாசியைச் சுண்டலும் மரக்கறியும் பிடிக்க வேண்டும், கால்வாசி மீனும் பருப்பும், மிச்சக் கால்வாசிதான் சோறு.

அரிசி எதுவென்று கேட்பீர்கள். தவிடு போகாத சிவப்பரிசி நல்லது. தவிட்டில் நார்ச்சத்தும் பி1 விற்றமினும் இருக்கின்றன. அது கட்டுப்படியாகாவிட்டால் புழுங்கல் நாட்டரிசி எடுங்கள், தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிட அது மெதுவாகச் சீனியை ஏற்றும். வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் சொந்தக்காரர் யாராவது வேளாண்மை செய்கிறார்கள் என்றால், மில்லில் ஒரு மூட்டையை மட்டும் அதிகம் தீட்டாமல் குத்தித் தரச் சொல்லலாம். தவிடுள்ள அரிசி கனநாள் தாங்காது, எண்ணெய் வாடை வந்துவிடும், ஆகவே ஒன்றரை மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கனமான இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. மட்டக்களப்பில் மருமகன் வந்து வாழ்கிற வீடு மாமியின் வீடு. அந்த வீட்டில் அவருக்கு அள்ளிப் போடுகிற சோறு வெறும் சோறு இல்லை, மரியாதை. ஊரார் முன் ஒரு மாமி, "என் மருமகனுக்கு நான் குறை வைக்கவில்லை" என்று நிமிர்ந்து சொல்வது அந்த அகப்பையை வைத்துத்தான். அதை "அளந்து போடுங்கள்" என்று மகள் சொன்னால், அவருக்கு அது மரியாதையை அளக்கச் சொன்ன மாதிரிக் கேட்கும். அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை, தனக்குத் தெரிந்த அன்பைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

ஆகவே மரியாதையை வேறு சட்டிக்கு மாற்ற வேண்டும். மருமகனுக்கு முதலில் போவது மீனின் நடுத்துண்டாக இருக்கட்டும். இரண்டு கறிக்குப் பதில் மூன்று கறி வைக்கட்டும், அதில் ஒன்று அம்மா கையால் செய்த இலைச் சுண்டலாக இருக்கட்டும். சோற்றுச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, அவரே போட்டுக்கொள்ளட்டும். அவருடைய கையால் குறைத்தால் அது மாமி வைத்த குறையாகாது. இது சின்ன மாற்றம்தான், ஆனால் சண்டை முழுவதையும் அது எடுத்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த முறை கணவரின் கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய பிரஷரையும் காட்டலாம். மகள் சொன்னால் அது வாதாட்டம், டொக்டர் அம்மாவைப் பார்த்து, "அம்மா, இந்தக் குடும்பத்துச் சட்டி உங்கள் கையில்தான்" என்று சொன்னால் அது பொறுப்பு. உங்களுக்கும் 35 வயது கடந்துவிட்டது, அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் நடக்கிற சுகவாழ்வு நிலையத்தில் உங்கள் சீனியையும் பிரஷரையும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே சமையல் ஒன்று என்கிறபோது, சோதனையும் எல்லாருக்கும் இருக்க வேண்டும்.

அம்மாவின் கை நல்ல கை. முசுட்டை, முல்லை, முடக்கொத்தான் என்று இலை பிடுங்கிக் கறியாக்கத் தெரிந்த தலைமுறை அது. நீங்கள் யூடியூப்பில் சலாட் தேட வேண்டாம், அவரிடம் கேட்டால் போதும். ஒரேயொரு விஷயத்தில் மட்டும் அவருடைய முறையை மெல்லத் திருத்த வேண்டியிருக்கலாம், அது இலையை வேகவைக்கிற நேரம். பொன்னாங்காணியோ வல்லாரையோ முருங்கையிலையோ, நறுக்குவதற்கு முன்பு முழு இலையாகவே இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசறி வையுங்கள். சட்டி நன்றாகச் சூடானதும் இலையைப் போட்டுக் கிளறுங்கள். இலை சுருண்டு, பச்சை நிறம் கருக்காமல் இன்னும் பளிச்சென்று இருக்கும்போதே இறக்குங்கள், முருங்கையிலைக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம். உப்பு இறக்குகிற நேரத்தில், அதுவும் நீங்கள் நினைத்ததில் பாதி. ஆறிய பிறகு தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போது தேசிக்காய் பிழிந்தால் கசக்கும், விற்றமின் சீயும் குறையும். அந்தப் புளி ருசிக்கு மட்டுமில்லை, இலையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதற்கு அது வேண்டும். இப்படிச் செய்த சுண்டலை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்றில்லாமல், ஆளுக்கு இரண்டு அகப்பை வைக்கப் பாருங்கள்.

காலையும் இரவும் நம் வீடுகளில் மத்தியானத்தைவிட மோசம். இடியப்பத்துக்குச் சொதி, புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும், பாணுக்குச் சம்பல். எல்லாமே மா, மரக்கறி கண்ணுக்குத் தெரியாது, மீன் மிச்சம் இருந்தால் உண்டு. ஒரு றாத்தல் பாணில் கால்வாசி சாப்பிட்டால் ஒரு கப் சோற்றைவிடக் கூடுதலான மாச்சத்து போகிறது, ஆனால் அதைச் சாப்பிட்டவர் "நான் ஒன்றும் சாப்பிடவில்லை, ரெண்டு துண்டு பாண்தான்" என்பார். பாணையோ இடியப்பத்தையோ விட்டுவிடச் சொல்லவில்லை. சிவப்பரிசி மாவில் நாலு இடியப்பம் எடுத்தால், பக்கத்தில் முட்டையோ மீனோ பருப்போ, ஒரு மரக்கறியோ சம்பலோ கட்டாயம் இருக்க வேண்டும். புட்டுக் கொத்தும்போதே ஒரு பிடி முருங்கையிலை, துருவிய கரட், தேங்காய்ப்பூ சேர்த்து அவித்துப் பாருங்கள், மா குறையும், புட்டு பூப்போல வரும். வாங்கிய குரக்கன் மாவையும் அதில் பாதிக்குப் பாதி கலக்கலாம், இப்படித்தான் அது வீட்டில் எல்லாருக்கும் செலவாகும். இரவில் சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் ஒரு பதினைந்து நிமிடம் வீதியோரமாக நடந்துவிட்டு வந்தால், ஏறிய சீனி இறங்க அது நன்றாக உதவும்.

இனித் தேத்தண்ணி. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன். ஒரு தட்டைத் தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம். நம் வீடுகளில் யாரும் தட்டையாகப் போடுவதில்லை, குவித்துத்தான் போடுவார்கள். கப்புக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு கப் என்றால் குறைந்தது 35, 40 கிராம். சேர்த்துக்கொள்கிற சீனி வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆக, ஒரு பிஸ்கற்றைக்கூடத் தொடாமல், தேத்தண்ணியில் மட்டுமே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறோம். கணவருக்குச் சீனியில்லாத பிளேன்டீ. ஒரு துண்டு இஞ்சியோ ஏலமோ தட்டிப் போட்டால் இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும். சர்க்கரை, பனங்கட்டி, தேன் என்று மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அவையும் சீனியை ஏற்றும். வீட்டில் மற்றவர்கள் கப்புக்கு ஒரு தட்டைக் கரண்டிக்கு இறங்குங்கள். அவர் கசப்பைக் குடிக்க, பக்கத்தில் இருப்பவர் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினால் அது நியாயமில்லை.

சோடாப் போத்தலில் இருக்கும் வட்டங்களையும் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் விற்கிற மென்பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் உள்ள மஞ்சள் போத்தலும் 400 மில்லிலீற்றர் குடித்தால் 32 கிராம் சீனி. மகனுக்கு ஆறு கரண்டிக்கு மேல் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. பிள்ளைகளுக்குச் "சத்து" என்று விற்கிற மா வகைகளை வாங்கும்போது பெட்டியின் பின்பக்கம் இருக்கும் பொருட்பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். சீனியின் பெயர் முதல் மூன்றுக்குள் இருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

மகனிடம், "நீ குண்டாகிறாய், அதனால் நூடில்ஸ் இல்லை" என்று ஒருநாளும் சொல்ல வேண்டாம். 9 வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டு எடையைக் குறைக்கவும் கூடாது. எடை ஏறுவதை நிறுத்தினால் போதும், உயரம் வளரும்போது உடம்பு தானாகச் சரியாகும். நூடில்ஸை முழுக்கத் தடை செய்தால் வெளியில் வாங்கிச் சாப்பிடுவான். கிழமையில் ஒரு நாள் வீட்டிலேயே செய்யுங்கள். பக்கெற்றுக்குள் இருக்கும் மசாலாவில் உப்புத்தான் கூட, அதில் பாதியை எறிந்துவிட்டு, ஒரு முட்டை, கரட், பயற்றங்காய், கோவா சேர்த்துக் கிண்டுங்கள். நூடில்ஸைவிட மற்றவை கூட இருக்கட்டும். ரோல்ஸுக்கு வாய் தேடுவது பின்னேரப் பசியில்தான். பாடசாலை விட்டு வரும்போது அடுப்பில் ஏதாவது தயாராக இருந்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும். அவித்த கௌப்பியில் தேங்காய்ப்பூவும் கொச்சிக்காயும், தாளித்த கடலை, சோளன், வத்தாளங்கிழங்கு ஒரு துண்டு, ஒரு பிடி கச்சான், இப்படி நாளுக்கொன்று. காலையில் போகும்போது கௌப்பியை ஊறப்போட்டு வைத்தால், அம்மா பின்னேரம் அவித்துவிடுவார். கூடவே ஒரு கொய்யா. அப்பிளும் தோடம்பழமும் வாங்கி வைத்தால்தான் பழம் என்று நினைக்கிறோம், கொய்யாவில் தோடம்பழத்தைவிட நாலு மடங்கு விற்றமின் சீ இருக்கிறது.

மகளின் களைப்பைச் சாப்பாட்டுக் கணக்கோடு விட்டுவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் பாருங்கள். அவளுடைய வயதில் 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. மாதவிடாயில் இரத்தம் கூடப் போகிறதா என்றும் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள். குறைவு என்று வந்தால் குளிசை வேண்டும், கீரை மட்டும் அதை நிரப்பாது. வீட்டில் செய்யக்கூடியது, சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்துவது. தேயிலையில் இருக்கும் சாயம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடிக்கலாம். நாளுக்கு ஒரு முட்டை, மீன், கிழமையில் ஒரு நாள் ஈரல் கிடைத்தால் நல்லது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பாடசாலைக்கு ஓடுகிறாளா என்றும் பாருங்கள். களைப்புக்குக் காரணம் சிலவேளை அதுவாகவே இருக்கும்.

அம்மாவுக்கு உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தட்டைத் தேக்கரண்டி, அதற்குள் கறியில் போட்டது, கருவாட்டில் இருப்பது, ஊறுகாய், அப்பளம், பாண் எல்லாம் அடங்க வேண்டும். சோற்றுக்கு உப்புப் போட்டு ஆக்குகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். அந்தக் கறிக்கு வேறு உப்பு வேண்டாம். சூப்புக் கட்டிகளை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும். புளியும் மிளகும் தேசிக்காயும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை அம்மாவுக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சில பிரஷர்க் குளிசைகளோடும் சிறுநீரக வருத்தத்தோடும் அது ஒத்துவராது.

தேங்காய் இல்லாமல் நம் சமையல் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கொலஸ்ரோலை ஏற்றும் கொழுப்பு. தினக் கறிக்கு இரண்டாம், மூன்றாம் பால், முதற்பால் விசேட நாளுக்கு. பொரிக்கிற மீனைக் கிழமையில் ஒரு நாளாக்கி, மற்ற நாளில் குழம்போ அவியலோ வையுங்கள். ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து இரண்டு லீற்றருக்குள் வந்தால் சரி. போத்தலில் திகதி எழுதி வைத்தால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

காசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாரையும் அறக்குளாவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சூடை, சாளை, நெத்தலி, வாவியில் பிடிக்கிற திலாப்பியா, கூனி எல்லாம் அதே புரதத்தைத் தரும். சாளை மாதிரி எண்ணெய்ப்பிடிப்பான சின்ன மீனில் இருதயத்துக்கு நல்ல கொழுப்பு பெரிய வெள்ளைமீனைவிடக் கூட, நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். மாரியில், கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பிக் கடலுக்கு யாரும் போகாத நாட்களில் மீனும் மரக்கறியும் நெருப்பு விலை விற்கும். அந்த மாதங்களுக்குப் பருப்பு, கௌப்பி, பயறு, முட்டை என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பூசணிக்காய் முழுசாக வாங்கினால் கனநாள் இருக்கும். உங்கள் வளவு மணல் வளவாகத்தான் இருக்கும். முருங்கையும் அகத்தியும் பப்பாசியும் அந்த மணலில் வரும், வேலியோரம் இரண்டு முருங்கைத்தடி ஊன்றிவிட்டால் இலைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கிணற்றடியில் தண்ணீர் வடிகிற இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். ஓட்ஸுக்கும் ஒலிவ் எண்ணெய்க்கும் சத்துமாவுக்கும் சோடாவுக்கும் போகிற காசை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், முட்டைக்கும் மரக்கறிக்கும் வேண்டியது பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

வைகாசிச் சடங்கில் அம்மன் கோயிலில் தருகிற பொங்கல், கல்முனையில் இருந்து சிநேகிதர் அனுப்புகிற நோன்புக் கஞ்சி, பெருநாள் வட்டிலப்பம், இவற்றை எல்லாம் கணவர் முன்னால் மறைத்து வைக்க வேண்டாம். ஒரு கை பொங்கல் சாப்பிடட்டும், அந்த நேரத்துச் சோற்றில் அதைக் குறைத்துக்கொள்ளட்டும். வருத்தத்தை வளர்ப்பது சும்மா நாட்களின் சாப்பாடுதான்.

குளிசையைப் பற்றி ஒன்று. சாப்பாட்டைத் திருத்தினோம், சீனி இறங்கிவிட்டது என்று மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம், பாகற்காய்ச் சாறோ வேறு நாட்டு மருந்தோ அதற்குப் பதிலாகவும் வேண்டாம். சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப் பிரட்டல் குறையும். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி ஆபத்தாக இறங்குவது மிகக் குறைவு. ஆனால் பின்னால் கிளிக்ளசைட் மாதிரி வேறு குளிசையோ இன்சுலினோ சேர்த்தால், சோறு குறைத்திருப்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்துகளோடு சாப்பாடு தவறினால் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். அப்படி வந்தால் உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு சாப்பிட வையுங்கள்.

கிளினிக் கொப்பியில் வெறுவயிற்று அளவோடு, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த அளவையும் எழுதி வையுங்கள். எந்தச் சாப்பாடு அவருக்குச் சீனியை ஏற்றுகிறது என்பதை அதுதான் காட்டும். எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும், ஆகவே இப்போது ஒன்று எடுத்துவிட்டு மூன்று மாதத்தில் இன்னொன்று எடுங்கள். அந்த இரண்டு எண்ணையும், மகளின் ஹீமோகுளோபினையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்து எதை மாற்றுவது என்று அதை வைத்துக் கதைப்போம்.